"இது என்ன கலர்?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

ஒரு பையனுக்கு நிறப்பார்வைக் குறைபாடு என்று தெரிந்துவிட்டால் போதும், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கையில் கிடைத்ததைக் காட்டி "இது என்ன கலர், சொல்லு" என்கிறார்கள். சரியாகச் சொன்னால் "நல்லாத்தானே தெரியுது" என்று அம்மாவைக் கடிந்துகொள்கிறார்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்கிறார்கள். தயவுசெய்து இதை விடுங்கள். பெயர் சொல்வது வேறு, பிரித்துப் பார்ப்பது வேறு. குங்குமம் சிவப்பு, வாழையிலை பச்சை என்பதை எந்தப் பிள்ளையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிடும்.

விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பெரும்பாலும் பழுதாவது சிவப்புப் பக்கத்து நீள அலைக் கூம்பு, அல்லது பச்சைப் பக்கத்து நடு அலைக் கூம்பு. முன்னதில் சிவப்பு மங்கிக் கறுப்பை நெருங்கும். பின்னதில் சிவப்பு இருளாது, ஆனால் பச்சை, பழுப்பு, காவி எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவசியம், இரண்டு பேரும் தடுமாறுகிற இடம் வேறு வேறு.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையையே எடுங்கள். அரக்கில் கறுப்புக் கட்டம் போட்டிருந்தால் முதல் வகைக்காரருக்குக் கட்டமே தெரியாமல் போகலாம். இரண்டாம் வகைக்காரருக்குக் கட்டம் தெரியும், உடல் அரக்கா கரும்பச்சையா என்பதில்தான் சந்தேகம். கடுகு மஞ்சள் இருவருக்கும் தெளிவு. வாடாமல்லி நீலமாகத் தெரியலாம். பீரோவில் மடிக்கும்போது நிறப்பெயர் எழுதிய சீட்டைச் செருகிவைக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆத்தங்குடித் தரைக்கல் போடும் பட்டறையில் நிறக் கலவைச் சட்டியின் உடம்பிலேயே அடையாளம் இடுங்கள்: சிவப்புக்கு ஒரு கோடு, பச்சைக்கு இரண்டு. மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறிவிடும்.

சமையல்தான் பெரிய சிக்கல். நம் குறிப்புகள் எல்லாம் "பொன்னிறமாக", "சிவக்க" என்றே பேசுகின்றன. மசாலாவுக்கு வரமிளகாய் வறுக்கும்போது அது கருகத் தொடங்குவது முதல் வகைக்காரருக்குத் தெரியாது, அவர் கண்ணுக்கு அது ஆரம்பத்திலேயே இருட்டு. மல்லி, சோம்போடு சேர்த்துப் போடாமல் மிளகாயைத் தனியாக, சிறு தீயில் வறுக்கட்டும். தோல் உப்பி, நெடி மூக்கில் ஏறத் தொடங்கும்போதே தட்டில் கொட்டிவிட வேண்டும், அடுப்பை அணைத்தாலும் சட்டிச் சூட்டில் கருகிக்கொண்டே இருக்கும். ஆறியதும் கிள்ளினால் மொறுமொறுவென ஒடிந்தால் பதம் சரி. கறி வெந்ததா என்பதையும் நிறத்தில் பார்க்க வேண்டாம், கரண்டியால் அழுத்தினால் எலும்பைவிட்டுக் கழல வேண்டும். தக்காளி, பழம் வாங்கப் போனால் அமுக்கிப் பார்ப்பதும் முகர்வதும் அவருக்கு உரிமை, கடைக்காரர் முகம் சுளிக்கக் கூடாது.

கரண்ட் வேலையில் இது உயிர் விஷயம். பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். தூசி படிந்த இருட்டு மூலையில் இந்த மூன்றையும் மாற்றிக் கொடுத்தால் கிரைண்டரின் இரும்பு உடம்பிலேயே கரண்ட் வரும். மெயினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முனையிலும் எழுத்துப் போட்ட டேப் சுற்றட்டும். டெஸ்டரை, மெயினை நிறுத்தும் முன்பே, கரண்ட் இருப்பது உறுதியான பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

ஆசிரியர்களுக்கு: பச்சைப் பலகையில் சிவப்பு சாக்பீஸ் வேண்டாம், மஞ்சளோ வெள்ளையோ போதும். பிளஸ் டூ ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் தரம்பார்த்தலின் முடிவுப் புள்ளி வெளிறிய இளஞ்சிவப்பு. இந்தப் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். குடுவைக்கு அடியில் வெள்ளைப் பீங்கான் ஓடும், பக்கத்தில் ஒப்பிட நிறமில்லாத இன்னொரு குடுவையும் வையுங்கள். தாண்டிப் போனதைக் கவனக்குறைவு என்று மதிப்பெண் குறைப்பது அநியாயம்.

டிரைவிங் லைசென்ஸ் கிடைக்காது என்று இன்னும் பலர் பயமுறுத்துகிறார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தி, லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு அனுமதி தந்துவிட்டது. கடுமையான குறைபாட்டுக்கு இந்தத் தளர்வு இல்லை. சிக்னலில் இடம்தான் அடையாளம், சிவப்பு மேலே, பச்சை கீழே. இரவில் ஒற்றை விளக்கு மட்டும் மினுக்கினால் அது சிவப்பு என்றே கொண்டு நிற்பது நல்லது.

இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருகிறது, அப்பச்சியிடமிருந்து, அதாவது அப்பாவிடமிருந்து, மகனுக்கு வராது. ஆயாவீட்டு ஐயாவுக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, இருந்தால் அம்மா அதைக் கடத்துபவர், ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "பெண்பிள்ளைக்கு வராது" என்பதும் தவறு. மாப்பிள்ளைக்கும் அவருடைய அம்மானுக்கும் (தாய்மாமனுக்கும்) ஒரே குறை இருந்து, அம்மான் மகளைக் கட்டினால், பிறக்கும் மகளுக்கும் பாதி வாய்ப்பு உண்டு. கல்யாணத்தைத் தடுக்க இது ஒரு காரணமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. மகளையும் சோதித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

சோதனைக்குக் கண் மருத்துவரிடம், நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகம் இருக்கும், 1917இல் ஜப்பானில் வந்தது, முழுப் பதிப்பில் 38 பக்கம். பகல் வெளிச்சத்தில், 75 செ.மீ. தூரத்தில், ஒரு பக்கத்துக்கு மூன்று விநாடி. போனில் பார்க்காதீர்கள், திரைக்குத் திரை நிறம் மாறும். எண் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு அதிலேயே வளைகோட்டுப் பக்கங்கள் உண்டு. அந்தக் கோட்டைத் தூரிகையால் தொடரச் சொல்லுங்கள், விரல் பட்டால் அச்சு அழுக்காகிவிடும்.