எரிமலை மேல் பழி போடும் செய்தி

"ஒரே ஒரு எரிமலை வெடித்தால் போதும், மனிதர்கள் இதுவரை வெளியிட்ட மொத்தக் கரியமில வாயுவையும் அது மிஞ்சிவிடும். அப்புறம் எதற்குப் புகையைக் குறைக்க வேண்டும்?" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்தது, 20ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று. அது கக்கிய கரியமில வாயு சுமார் 5 கோடி டன். பெரிய எண்தான். ஆனால் நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றை எரித்து நாம் இன்று ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கு மேல் வெளியிடுகிறோம், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கோடி டன். பினடுபோ செய்ததை நாம் அரை நாளில் செய்துவிடுகிறோம். உலகின் எல்லா எரிமலைகளையும் கூட்டினாலும் நம் அளவில் 1 சதவீதம் அளவுக்கே வரும்.

இன்னொரு வேடிக்கை, பினடுபோ பூமியைச் சூடாக்கவில்லை. அது மேலே அனுப்பிய கந்தக வாயு சூரிய ஒளியைத் தடுத்து, உலக வெப்பநிலையைச் சுமார் அரை டிகிரி தற்காலிகமாகக் குறைத்தது.

சரி, காற்றில் கூடிய கார்பன் யாருடையது? அதற்கும் அடையாளம் உண்டு. செடிகளிலிருந்து உருவான நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வகை) குறைவு. எரிமலை வாயுவில் அவ்வளவு குறைவில்லை. காற்றில் கார்பன்-13இன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது, அதாவது கூடிய கார்பன் எரிமலையுடையது அல்ல, நாம் எரித்ததுதான். ஹவாயின் மௌனா லோவாவில் 1958 முதல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கிறார்கள். பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.