குளிர்காற்று வேறு, புதுக்காற்று வேறு

அண்ணே, "ஏர்கோன் ஓடும் கிளினிக்கில் டிபி (காசநோய்) பரவாது, குளிரில் கிருமி செத்துவிடும், ஜன்னலைத் திறப்பதுதான் ஆபத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு.

நம்ம மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஓடும்போது அதன் மேல்பக்கத்தில் ஒரு டிஷ்யூவைப் பிடித்துப் பாருங்கள், இழுத்து ஒட்டிக்கொள்ளும். அறையில் ஏற்கெனவே இருக்கிற காற்றைத்தான், யாரோ இருமிய காற்றையும் சேர்த்து, குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டி தள்ளுவது வெப்பத்தை மட்டும். உள்ளே இருக்கும் வலை, பைப்படியில் கழுவுவோமே, அது தூசிக்கு.

காற்றில் பரவும் நோய் உள்ளவரின் தனியறையில் மணிக்கு 12 முறை, அறை கொள்ளும் அளவு காற்று மாற வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவு. அப்படி மாறினால் காற்றிலுள்ள கிருமியில் 99 விழுக்காடு 23 நிமிடத்தில் போய்விடும். மணிக்கு 2 முறைதான் மாறுகிறது என்றால் 138 நிமிடம் ஆகும். பெரு நாட்டின் லீமா மருத்துவமனைகளில் அளந்து 2007-இல் வெளியிட்டார்கள்: கதவு ஜன்னல்களைத் திறந்ததும் மணிக்கு சுமார் 28 முறை காற்று மாறியது.

பெரிய மருத்துவமனையில் டிபி அறை மூடியே இருக்கிறதே என்பீர்கள். சரிதான், ஆனால் அங்கே காற்றை வெளியே உறிஞ்சித் தள்ளும் விசிறி தனியாக ஓடுகிறது. அதனால் அறைக்காற்று நடைபாதைக்குக் கசியாமல் தடுக்கப்படுகிறது. நம்ம காத்திருப்பு அறையில் அது ஏது? இருப்பது கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கும் நாக்கோ ஜன்னல்தான். புகைமூட்ட நாள் தவிர மற்ற நாளில் திறக்கச் சொல்லுங்கள்.