கட்-ஆஃப் சொல்லாத கணக்கு

இன்ஜினியரிங் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். முதல் வாரம் கரும்பலகையில் 'எக்ஸ் சைன் எக்ஸ்' என்று எழுதி வகையிடச் சொல்வேன். பாதி வகுப்பு பேனாவைத் திறக்காது. போன வருடம் ப்ளஸ் டூ கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய ஒரு பெண், வகுப்பு முடிந்ததும் வந்து மெதுவாகச் சொன்னாள்: "மேம், இது லெவன்த் போர்ஷன். எங்க ஸ்கூல்ல லெவன்த்லயே ட்வெல்த் ஆரம்பிச்சிட்டாங்க."

அவளை என்ன சொல்வது? மாநிலப் பாடத்திட்டத்தில் வகையிடலும் தொகையிடலும் தொடங்குவதே பதினோராம் வகுப்பில்தான். பன்னிரண்டில் வருவது அவற்றின் பயன்பாடு. ஆனால் 200-க்குப் போடும் கட்-ஆஃபில் கணக்குக்கான 100-ம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். பதினொன்றைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்றுதான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. கொஞ்ச நாளிலேயே அந்த மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்குச் சேராது என்றானது. 2025-26 முதல் அந்தத் தேர்வும் இல்லை. பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் விட்டுப்போன பாடத்தை அவர்கள் எங்கே போய்ப் பிடிப்பார்கள்?

எம் ஒன் என்பது முதல் செமஸ்டர் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அதன் முதல் யூனிட் மேட்ரிக்ஸ். படிகளை மனப்பாடம் செய்து ஓட்டிவிடலாம். இரண்டாவது யூனிட்டிலிருந்து கடைசி வரை கால்குலஸ், அதாவது அதே வகையிடலும் தொகையிடலும்தான். அரியர் விழுவது அங்கேதான்.

லேட்டரல் என்ட்ரியில் வருபவர்கள் பாடு இதைவிட மோசம். டிப்ளமோ முடித்து நேராக மூன்றாம் செமஸ்டரில் உட்காருகிறார்கள். மெக்கானிக்கல், சிவில் என்றால் அந்த செமஸ்டரிலேயே தொகையிடல் தெரியாமல் போட முடியாத ஃபூரியர் தொடர். பட்டறையில் லேத்தை அநாயாசமாக ஓட்டுகிற பையன், தொகையிடலுக்கான பெர்னோலி ஃபார்முலாவில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது இதுதான். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு மணி நேரம், பதினோராம் வகுப்புக் கணக்கில் இருபது கேள்வி. யாருக்கு எது தெரியாது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். மதிப்பெண் பட்டியல் ஒட்ட வேண்டாம், வீட்டுக்கும் சொல்ல வேண்டாம். 'மறுபடியும் நுழைவுத்தேர்வா' என்று சிலர் கோபப்படலாம். இல்லை. நுழைவுத்தேர்வு 2007-ல் போனது நல்லது என்று நினைப்பவள் நான். இது சீட் கிடைத்து உள்ளே வந்த பிறகு நடப்பது.

தேறாதவர்களைத் தனியாகப் பிரித்து வைக்கவும் கூடாது. அதன் விளைவை கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் பார்த்தாகிவிட்டது. நுழைவில் ஒரு தேர்வு, குறைந்தவர்களுக்குப் பட்டத்துக்குச் சேராத அடிப்படைப் பாடங்கள், ஒன்று முடிந்தால் இன்னொன்று. உண்மையான கல்லூரிக் கணக்கைத் தொடும் முன்பே நிறையப் பேர் படிப்பை விட்டுப் போனார்கள். 2017-ல் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள்: பள்ளி மதிப்பெண்ணைப் பார், நேராகக் கல்லூரிக் கணக்கில் சேர், தேவைப்பட்டால் கூடவே துணை வகுப்பு கொடு. நமக்கும் வேண்டியது அந்தத் துணை வகுப்புதான். எம் ஒன் நடக்கும்போதே, பக்கத்தில்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே பாலம் போடும் பிரிட்ஜ் கோர்ஸ் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். நான் பார்த்தவரை அது இரண்டு நாள், ஆடிட்டோரியத்தில், முந்நூறு பேருக்கு ஒரே மைக்கில். அப்புறம் 'சந்தேகம் இருந்தால் வகுப்பு முடிந்து வாருங்கள்' என்கிறோம். நானே சொல்லியிருக்கிறேன். யார் வருவார்கள்? நாலரைக்குக் காலேஜ் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வீடு போய்ச் சேர வழியில்லை. அதனால்தான் டைம் டேபிளுக்குள்ளேயே வாரம் இரண்டு மணி நேரம் கேட்கிறேன். இந்த வருடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.