வங்கி அனுப்பிவிட்டால் தரகர் சட்டபூர்வமானவர் ஆகிவிட மாட்டார்

"டியூட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையில் பணம் போகிறது, வங்கியும் தடுக்கவில்லை, ஆகவே இந்த வெளிநாட்டு ஃபாரெக்ஸ் (அந்நிய நாணய வணிக) தரகர் நம் மலேசியாவில் சட்டபூர்வமானவர்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. இது தவறு. கோலாலம்பூரில் நம் பிள்ளைகள் இதை நம்பிச் சேமிப்பைப் போட்டுவிடுவார்கள் என்பதால் மறுக்கிறேன்.

டியூட்நவ் வழியே உங்கள் ரிங்கிட் இன்னொரு கணக்குக்குப் போகிறது, அவ்வளவுதான். பெறுபவரின் தொழிலுக்கு வங்கி சான்று தருவதில்லை. தரகர் எங்கோ தீவில் இருக்க, பணம் மட்டும் முன்பின் தெரியாத உள்ளூர்க்காரர் ஒருவரின் கணக்கில் விழுகிறதென்றால் அங்கேயே நிறுத்துங்கள். அது மோசடிப் பணத்தை வாங்கிக் கைமாற்றிவிட இன்னொருவர் பெயரில் பயன்படுத்தப்படும் கணக்காக இருக்கலாம்.

மலேசியாவின் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்கீழ், உரிமம் பெற்ற வங்கி, நாணய மாற்று நிலையம் போன்ற அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே அந்நிய நாணயம் வாங்குவதும் விற்பதும் குற்றம். 10 ஆண்டுகள் வரை சிறை, 5 கோடி ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டு உரிமத்தைக் காட்டுவதால் இது மாறாது.

மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். ஆனால் அதில் பெயர் இல்லாதது அனுமதி ஆகாது. அனுப்பிய பிறகு மோசடி என்று தெரிந்தால், தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழையுங்கள்.