தயாத்: தையலும் சிற்பமும்

இத்தாலியக் கலைஞர் எர்னஸ்டோ மிக்காஹெல்லெஸ் என்ற தயாத்தைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, சிற்பியுமான அவரை ஆடை வடிவமைப்பாளராக மட்டும் அறிமுகப்படுத்தியிருப்பது குறையாகவே படுகிறது. 1920-இல் தம்பியுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘டூட்டா’வின் வெட்டுப்படத்தை ஃபுளோரன்ஸ் நாளிதழான லா நாட்சியோனே வெளியிட்டதால், எவரும் அதை வீட்டிலேயே தைத்துக்கொள்ள முடிந்தது, ‘டி’ எழுத்தின் வடிவிலான அந்த முழு உடையின் பெயர் இன்று இத்தாலியில் பொதுச்சொல்லாகவே வழங்குகிறது. பாரிஸின் மதலேன் வியோனே ஆடையகத்துக்கு அவர் வரைந்த சின்னத்தில், தூண்மீது நிற்கும் பெண் தன் ஆடையைத் தோளருகே இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்திருக்கிறாள். துணியின் தொங்கலைச் சிற்பியின் கண்கொண்டு பார்த்தவருக்கே (இது என் எண்ணம்) அது கைகூடும். முசோலினியின் தலையைக் கவசம்போல் வழவழப்பாக்கி 1929-இல் அவர் செய்த ‘டக்ஸ்’ சிற்பத்தைக் கட்டுரை தொடாமலே விட்டது ஏனென்று விளங்கவில்லை.