கறுப்பு உள்ளியும் அத்தானின் ஈரலும்

ஸ்கான் அறிக்கையில் "ஈரலில் கொழுப்பு" என்று எழுதியிருந்த அன்றே அத்தான் பாதி வைத்தியராகிவிட்டார். மறுவாரம் போனால் மேசையில் ஒரு போத்தல் கறுப்பு உள்ளி. விலை 4,500 ரூபாய். தினமும் மூன்று பல், வெறும் வயிற்றில். "ஈரலைக் கழுவிவிடும்" என்றாராம் விற்றவர்.

ஒரு பல்லைத் தின்று பார்த்தேன். பழம்புளி மாதிரி விரலில் ஒட்டியது. பேரீச்சம்பழ இனிப்பு, கடைசியில் மெல்லிய புளிப்பு. உள்ளியின் காரம் மருந்துக்கும் இல்லை. முழு உள்ளியை 60 முதல் 90 பாகை சூட்டில், ஈரப்பதம் குறையாமல் வாரக்கணக்கில் வைத்தால் இப்படி ஆகும். புளிக்க வைத்தது என்கிறார்கள். பெரும்பகுதி வேலையைச் செய்வது சூடுதான். பாணின் மேல்தோலைச் சிவக்க வைக்கும் அதே வினை. நசுக்கினால் காரம் தரும் அல்லிசின் போய், எஸ்-அல்லைல் சிஸ்டீன் என்ற காரமில்லாத கந்தகச் சேர்மம் கூடுகிறது.

ஆய்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொரியாவில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்க வைத்த உள்ளிச் சாற்றை 75 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். சாறு குடித்தவர்களுக்கு ஜிஜிடி என்ற ஈரல் நொதி இறங்கியது. நல்லது. ஆனால் அந்தச் சாறு வேறு, இந்தப் போத்தல் வேறு. அதோடு, கழுவிக் கவிழ்க்க ஈரல் என்ன குசினிச் சட்டியா?

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். போத்தலுக்குப் பக்கத்திலேயே அத்தானின் குளிசைப் பெட்டி. அதற்குள் அஸ்பிரின். உள்ளியைச் செறிவாக எடுத்தால் இரத்தம் உறைவது தாமதிக்கலாம். அஸ்பிரினும் அதே வேலையைத்தான் செய்கிறது. "வேறு குளிசை ஏதும் போடுகிறீர்களா" என்று விற்றவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தானும் கிளினிக்கில் வாய் திறக்கவில்லை. "உள்ளிதானே, கறியில் போடுவதில்லையா?" என்கிறார். கறிக்குப் போடுவதை யாரும் வெறும் வயிற்றில் எண்ணி விழுங்குவதில்லை, அத்தான்.

வைத்தியர் கேட்டது உடல் எடையில் 7 முதல் 10 வீதம் குறைப்பதைத்தான். 90 கிலோ அத்தானுக்கு அது ஆறு முதல் ஒன்பது கிலோ. வீட்டிலிருந்து திருகோணமலை டைக் வீதிக் கடற்கரை ஐந்து நிமிட நடை. உள்ளி வந்த நாளிலிருந்து அந்த நடையும் நின்றுவிட்டது. இரவுக் கொத்துரொட்டி திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் போத்தலும்தான். கேட்டால், "அதுதான் மருந்து எடுக்கிறேனே!"

போன கிளினிக்குக்கு அக்கா போத்தலையும் கையோடு கொண்டுபோனார். வைத்தியர் லேபிளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, நிறுத்தச் சொன்னார். மிச்சமிருந்த பல்லுகளை அக்கா பாரைக் குழம்பில் போட்டுவிட்டார். குழம்பு கொஞ்சம் இனித்தது. அத்தானுக்குப் பிடிக்கவில்லை.