வீட்டுக்கடனை அடைத்தவர்களே, வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?

வீட்டுக்கடன் முடிந்தது என்று யாராவது ஸ்டேட்டஸ் போட்டால் வாழ்த்திவிட்டு ஒரு கேள்வியும் கேட்பேன்: எம்ஓடி, அதான் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான அடமானப் பதிவு, கேன்சல் பண்ணியாச்சா? பாதிப் பேர் முழிப்பார்கள். "அதான் என்ஓசி குடுத்துட்டாங்களே" என்பார்கள்.

என்ஓசி என்பது, கடன் பாக்கி இல்லை என்று வங்கி நமக்குத் தரும் கடிதம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடன் வாங்கியபோது பத்திரத்தை ஒப்படைத்ததற்கு எம்ஓடி என்று ஓர் ஆவணம் பதிந்தோமே, அது சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறி உட்கார்ந்திருக்கும். கடன் தீர்ந்ததற்கு வங்கி ரசீது ஆவணம் பதிந்தால்தான் கணக்கு நேராகும். அப்போதும் பழைய பதிவு மறையாது. கடன் தீர்ந்தது என்று இன்னொரு பதிவு சேரும். அது இல்லாவிட்டால், நாளை வீட்டை வாங்க வருகிறவரின் வக்கீல் வீடு அடமானத்தில் இருப்பதாகத்தான் சொல்வார்.

எனக்குக் கோபம் வங்கிகள் மேல். கடன் கொடுக்கும்போது எம்ஓடி பதிய அவர்களே நாள் குறித்து, ஆளும் அனுப்புவார்கள். அடைத்த பிறகு? நான் கடன் வாங்கிய கிளையில் "மேனேஜர் லீவு", "லீகல்ல கேக்கணும்" என்றே இழுத்தடித்தார்கள். ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டிய பிறகுதான் குரல் இறங்கியது. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், பதிவேடுகளில் ஏற்றிய அடமானத்தையும் நீக்கவேண்டும் என்கிறது அது. தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தரவேண்டும். பத்திரத்தைத் தொலைத்துவிட்டால் நகல் எடுக்கும் செலவும் அவர்களுடையது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நல்ல விதிதான், ஆனால் தெரிந்து கேட்பவனுக்கு மட்டும் வேலை செய்கிறது.

பத்திரக் கட்டை வாங்கும்போது, கடன் வாங்கிய அன்று கொடுத்த பட்டியலோடு தாய்ப்பத்திரம் முதல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கொஞ்ச நாள் கழித்து நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

"வீட்டை விக்கவா போறோம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். அந்த அப்புறத்தில் வங்கியே இருக்குமா? 2020-ல் மட்டும் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்துவிட்டன. பாக்கி ரசீதை இணைந்த வங்கியிடம் கேட்டு வாங்கலாம்தான். ஆனால் பழைய கணக்கைத் தேடி அலையப்போவது, கடன் எண்கூடத் தெரியாத நம் பிள்ளைகள்.

ரசீதைப் பதிந்து, புதிதாக எடுத்த வில்லங்கச் சான்றையும் சேர்த்துத்தான் பத்திரத்தைத் தரவேண்டும் என்று வங்கியையே பொறுப்பாக்க வேண்டும் என்பது என் கட்சி. செலவை வேண்டுமானால் எங்களிடமே வாங்கிக்கொள்ளட்டும். பிராசஸிங் ஃபீஸ் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் கேட்டு வாங்கியவர்களுக்கு இது புதிதா என்ன?